கவர்னர் நார்த்தும் நமது முத்துக் கடலும்

பிரிட்டிஷ் ஆட்சியைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் நம்மவரில் சிலர் ஒரு கேள்வியைத் தவறாமல் கிளப்புகின்றனர். "வெள்ளையரில் நல்லவர்களே இல்லையா? கற்றவர்களும் தரும சிந்தையுள்ளவர்களும் கவர்னர்களாக வந்ததில்லையா? எல்லாரையும் ஒரே கயிற்றால் கட்டலாமா?" என்பது அக்கேள்வி. இப்படிக் கேட்பவர்கள் தேசத்துக்குப் பகைவர்கள் அல்லர், பெரும்பாலும் சரித்திரம் படித்தவர்கள், நமது நண்பர்கள். ஆகையால் கேள்வியைத் தட்டிக் கழிப்பது முறையன்று. ஜாலியன்வாலாபாக்கின் டையரையும் திருநெல்வேலிச் சீமையின் ஆஷ் துரையையும் சாட்சிக்கு அழைத்து இதற்கு விடை கூறிவிடலாம். அது மிகவும் சுலபம். அவ்வாறு செய்ய நாம் விரும்பவில்லை. ஆண்டவர்களில் மிக நல்லவர் என்று சொல்லத்தக்க ஒருவரையே எடுத்துக்கொண்டு, அவர் நல்லவராயிருந்ததனால் ஆளப்பட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பதே சரியான பரீட்சை.

அதற்காகக் கல்கத்தாவுக்கோ டில்லிக்கோ போக வேண்டியதில்லை. சாகுபுரத்து உப்பளங்களைத் தாண்டிக் கடற்கரையில் நின்று நேர் கிழக்கே நோக்கினால், மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், இலங்கையின் அரிப்புக் கரை இருக்கிறது. இவ்விரு கரைகளுக்கும் இடையே கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டுகளே முத்துப் பார்கள். சில பார்கள் நம் பக்கத்தவை. செழிப்பானவை பெரும்பாலும் அக்கரைப் பக்கத்தவை. சலாபம் கூடுகிறது என்று செய்தி வந்ததும் தூத்துக்குடிப் பரதவரும் காயல், கீழக்கரை முஸ்லிம்களும் தோணியேறி அக்கரை சென்று முத்துக் குளித்துத் திரும்புவது பல நூற்றாண்டு வழக்கம். பின்னாளில் சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டதும் இந்த நீர்வழியில்தான். இக்கடலின் கீழ்க்கரையை 1798 முதல் 1805 வரை ஆண்டவர் பிரடெரிக் நார்த் என்பவர். பிற்காலத்தில் கில்போர்டுப் பிரபு என்று பெயர் பெற்றவர் இவரே. இவரைப் பற்றி நம் நாட்டார் அதிகமாக அறியார். கிரேக்க நாட்டாரோ இவருக்குச் சிலை வைத்திருக்கின்றனர்.

இவர் பிறந்தது 1766-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி. தந்தை யார் என்றால், 1770 முதல் 1782 வரை இங்கிலாந்தின் பிரதம மந்திரியாயிருந்து அமெரிக்காவை இழந்த அதே நார்த் பிரபு. குடும்பமே அரண்மனைக் குடும்பம். பாட்டனார் இளவரசர் பிரடெரிக்கின் பள்ளியறைப் பிரபுக்களில் ஒருவராய் இருந்து, பின்னர் சார்லட் ராணியாரின் பொக்கிஷதாராயிருந்தவர். அந்த இளவரசரே தந்தைக்கு ஞானத் தகப்பன். பிரடெரிக் என்ற பெயர் வீட்டுக்குள் நுழைந்த வழியும் அதுவே. மூத்த சகோதரர் ராணியின் அரண்மனை நிர்வாகத்தில் உத்தியோகம் பார்த்தார். நம் பிரடெரிக் வீட்டின் கடைசிப் பிள்ளை, தேக பலமில்லாதவர், படிப்பில் பிரியமுள்ளவர். ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தார். அன்னிய தேசங்களிலும் நெடுநாள் கழித்தார். இவ்வளவும் எந்தப் பிரபுவின் ஜீவிய சரித்திரத்திலும் உள்ளதே. இனிச் சொல்லப்போவதுதான் நேயர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டியது.

1779-ஆம் ஆண்டில், அதாவது தமது 13-வது வயதில், பிரடெரிக் நார்த் இங்கிலாந்துப் பொக்கிஷத்தின் 'சேம்பர்லேன்' என்னும் பதவியில் நியமிக்கப்பட்டார். பிரதம மந்திரி தந்தையானால் பிள்ளைக்கு வயது ஒரு தடையா? அக்காலத்தில் அப்பொக்கிஷத்தில் வரவு கணக்கு எப்படி வைக்கப்பட்டதென்று கேட்டால் நம் ஜனங்கள் நம்ப மாட்டார்கள். ஒரு மரக்குச்சியில் தொகைக்குத் தக்கபடி வெட்டுகள் போட்டு, குச்சியை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைப் பணம் கட்டியவனிடம் கொடுத்து, மறு பாதியைச் சர்க்கார் வைத்துக்கொள்வது. பின்னால் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். நம் ஊர்ப் பால்காரி சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்ததைக் கண்டு நகைத்தவர்களின் ராஜாங்கப் பொக்கிஷம் 19-ஆம் நூற்றாண்டிலும் இந்த லட்சணத்தில் நடந்தது. இம்முறை கேலிக்குரியதென்று பார்லிமெண்டுக்கும் தெரியாமலில்லை. 1780-களின் தொடக்கத்திலேயே இதை ஒழிக்கச் சட்டம் செய்தார்கள். ஆனால் அச்சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பதவியில் இருக்கும் பிரபுக்கள் இறந்த பின்பு, அல்லது தாமாக விலகிய பின்புதான் அது அமலுக்கு வர வேண்டும்! பிரபுவின் வருமானத்தில் கை வைக்கலாகாதல்லவா? நார்த் 1826 வரையில் பதவியில் இருந்தார். ஆகவே 1826 வரையில் இங்கிலாந்தின் பொக்கிஷத்தில் மரக்குச்சியும் இருந்தது. 47 வருஷ காலம் ஒரு மனிதர் சம்பளம் பெறுவதற்காக ஒரு தேசத்தின் கணக்கு முறை காத்துக்கொண்டிருந்தது. அக்குச்சிகளின் கதை இன்னும் வேடிக்கை. 1834 அக்டோபர் 16-ந் தேதி அவற்றை எரித்து ஒழிக்கப் போய், நெருப்பு மீறி, பார்லிமெண்டு மாளிகையே சாம்பலாயிற்று.

இச்செய்தியை நாம் பரிகாசத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பிற்காலத்தில் நார்த் செய்த தான தருமங்களெல்லாம் எந்தக் கைப்பொருளிலிருந்து வந்தன என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1792-ல் இவர் பார்லிமெண்டு மெம்பரானார். தொகுதி பான்பரி. இருபது பேருக்கும் குறைவான வாக்காளர்களைக் கொண்ட அத்தொகுதி குடும்பத்தின் சொந்தத் தோட்டம் போன்றது. தந்தையும் தமையனும் இருந்த இடத்தில் தம்பி உட்கார்ந்தார். இரண்டு ஆண்டுகளில் லண்டன் துறைமுகச் சுங்கத்தில் உத்தியோகம் கிடைக்கவே மெம்பர் பதவியை விட்டார். பின்னர் சிலகாலம் பிரிட்டிஷார் கையில் இருந்த கார்சிகாத் தீவில் ராஜப்பிரதிநிதியின் காரியதரிசியாயிருந்தார். இவற்றிடையே அவர் மனம் முழுவதையும் கவர்ந்தது ஒன்றுண்டு. அது கிரேக்கம். பழைய கிரேக்க நூல்களை மட்டுமன்றி, அக்காலத்தில் துருக்கருக்கு அடிமைப்பட்டிருந்த கிரேக்க ஜனங்களையும் அவர் நேசித்தார். 1790-களின் தொடக்கத்தில் கார்ஃபு என்னும் தீவுக்குச் சென்றிருந்தபோது, ஒருவரும் அறியாமல் கிரேக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று டிமிட்ரியஸ் என்னும் பெயரும் பூண்டார். அரண்மனைச் சலுகையும் பதவிகளும் வேண்டிய ஓர் ஆங்கிலேயப் பிரபு தம் சொந்த மதத்தை விட்டு இன்னொரு ஜாதியாரின் மதத்தைத் தழுவுவதென்றால், அதற்கு உண்மையான அன்பு வேண்டும். அவ்வன்பை நாம் ஐயுறவில்லை.

இத்தகையவர் 1798 அக்டோபரில் இலங்கையின் கவர்னராக வந்திறங்கினார். அப்போது இக்கடலின் இரு கரைகளிலும் இருந்த நிலைமையைப் பார்த்தால் விந்தையாயிருக்கும். கீழ்க்கரைக்குப் பிரதம மந்திரியின் பிள்ளை. மேல்கரைக்கு, அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைக்கு வந்த கவர்னர், பிளாசி கிளைவின் பிள்ளை எட்வர்ட் கிளைவ். இருவருக்கும் வழிகாட்டியாகக் கல்கத்தாவில் வெல்லெஸ்லிப் பிரபு. வம்சபரம்பரை ஆட்சி என்று நம் பாளையக்காரரைப் பழித்தவர்கள், தங்கள் கவர்னர்களை எப்படிப் பொறுக்கி எடுத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நார்த் கொழும்பில் இறங்கி ஏறக்குறைய ஓராண்டில், 1799 அக்டோபர் 16-ந் தேதி, கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி எழுந்து, தூத்துக்குடியையும் கைப்பற்றினார். அவ்வாண்டு முடிவதற்குள் அவரும் தூக்கு மேடை ஏறினார். நம் கரையில் இவ்வாறு இரத்தம் சிந்திக்கொண்டிருந்த ஆண்டுகளில் அக்கரையில் நல்லாட்சி நடந்ததென்பதே நண்பர்களின் வாதம். நடந்ததா?

நடந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டியவை பல உண்டு. மறைப்பது நமக்கு வழக்கமில்லை. டச்சுக்காரரை விரட்டிய பின் சென்னையிலிருந்து சென்ற கம்பெனி உத்தியோகஸ்தர்கள் தென்னை மரத்துக்கெல்லாம் வரி போட்டுக் கொடுமை செய்து, 1797-ல் ஜனங்கள் கலகம் செய்யும்படி விட்டிருந்தார்கள். அந்தப் புண்ணை ஆற்றும் பொறுப்பு நார்த்தின் தலையில் விழுந்தது. அவர் நீதி ஸ்தலங்களை ஒழுங்குபடுத்தினார். 1801-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்பட்டது. 1800-ல் நில அளவை இலாகாவை நிறுவினார். 1802 மார்ச் 15-ந் தேதி சர்க்கார் கெஜட்டின் முதல் இதழ் வெளிவந்தது. அதே ஆண்டில் அம்மை குத்தும் முறையும் தீவுக்கு வந்தது. டச்சுக்காரர் காலத்துக் கிராமப் பள்ளிக்கூடங்கள் அழிந்து கிடந்தவற்றை மீண்டும் திறந்து உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். அப்பள்ளிக்கூடங்களின் செலவைச் சிக்கனம் என்ற பெயரால் வெட்டியது லண்டனே தவிர நார்த் அன்று. மறுபுறம், அவர் காலத்தில் ஜனங்கள் அணியும் நகைகளின்மீதும் வரி விதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புதிய சர்க்காருக்குப் பணம் வேண்டியிருந்தது. பணம் எங்கே இருந்தது? கடலுக்குள் இருந்தது.

1796, 1797, 1798 என்னும் மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து நடந்த சலாபங்கள் ஆங்கிலேயருக்குப் பெருந்தொகை கொடுத்திருந்தன. டச்சுக்காரர் பல ஆண்டுகள் குளியாமல் விட்டிருந்த பார்களை இவர்கள் மூன்றே ஆண்டுகளில் வழித்தெடுத்தார்கள். 1799-ல் வருமானம் சட்டென்று இறங்கிவிட்டது. நார்த் கைக்கு வந்தது அரைகுறையாகக் காலியான பெட்டி. ஆயினும் சலாபத்தை நேரில் கவனிக்க வேண்டுமென்று கருதி, அரிப்புக் கரையில், கடலைப் பார்த்த ஒரு மேட்டின்மேல், தமக்கென ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். 1801-ல் தொடங்கி 1804 வரையில் நடந்தது அவ்வேலை. மாளிகைக்குத் திட்டம் போட்டவரும் அவரே என்பர். அது எந்த மாதிரியில் கட்டப்பட்டது? கிரேக்கத்தின் பழைய 'டோரிக்' முறையில். செங்கல்லால் எழுப்பிச் சுண்ணச் சாந்து பூசி, பளிங்குபோல் மெருகிட்ட தூண்களோடு, முள்ளுச் செடியும் மணலுமேயான அப்பொட்டல் வெளியில் அது நின்றது. ஏதென்ஸ் நகரத்துக் கோயிலின் சாயல். எதிரே நம் தோணிகள். இலங்கை முழுவதிலும் அதற்கு நிகரான அழகிய கட்டடம் இல்லையென்று அக்காலத்து ஆங்கிலப் பாதிரியார் ஒருவர் எழுதி வைத்தார்.

அம்மாடத்தில் நின்ற கவர்னரின் கண்ணுக்கு எதிரே நடந்தது என்ன? நடு இரவில் பீரங்கி வெடிக்கும். கரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் கிளம்பும். விடியும்போது பாரில் நிற்கும். ஒரு தோணிக்குத் தண்டல் ஒருவர், குளிகாரர் பத்துப் பேர், கயிறு பிடிப்பவர் பத்துப் பேர். ஐவர் குளிக்க ஐவர் இளைப்பாறுவர். குளிகாரன் ஒரு கல்லின் கயிற்று வளையத்தில் காலை நுழைத்து, இடுப்பில் அல்லது கழுத்தில் வலைப்பை தொங்க, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவான். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். ஏறக்குறைய ஒரு நிமிஷம். கைதேர்ந்தவனானால் சற்றுக் கூட. அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியையெல்லாம் வாரிப் பையில் போட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே இருப்பவன் இழுப்பான். கயிற்றைப் பிடிப்பவனின் கவனத்தில் கீழே இருப்பவனின் உயிர் இருந்தது. ஆகையால் பெரும்பாலும் சொந்தக்காரரே சொந்தக்காரருக்குக் கயிறு பிடிப்பது வழக்கம். காதிலும் மூக்கிலும் இரத்தம் வடிய மேலே வருவதுண்டு. இவ்வாறு ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை. உச்சி வேளையில் அடையாளம் காட்டினால் கடற்காற்றில் கரை திரும்புவார்கள்.

சுறா மீனுக்கு மருந்து என்ன? கடல்கட்டிதான். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர் என்று ஜனங்கள் நம்பிய அம்மனிதர் கரையில் நின்று ஜபம் செய்யாவிட்டால் ஒரு குளிகாரனும் நீரில் இறங்கான். கிறிஸ்தவச் சர்க்காரும், வேறு வழியின்றி, கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்து வந்தது. மந்திரத்தை நம்பியவன் குளிகாரன்; மந்திரத்தை நம்பாமலே அதற்குக் கூலி கொடுத்து அவனை நீரில் இறக்கியது சர்க்கார். இவ்விருவரில் யாரை மூடரென்பது, யாரைக் கபடரென்பது என்று நேயர்களே தீர்மானிக்கலாம்.

சிப்பிகள் கரைக்கு வந்தபின் அவற்றைச் சர்க்கார் ஆட்கள் எண்ணுவார்கள். பிற்காலச் சலாபங்களில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு தோணிக்காரர்களுக்கு. நார்த் காலத்தில் சலாபத்தையே பெரிய குத்தகைக்காரருக்கு மொத்தமாக விட்டுவிடுவதும் உண்டு. வழியில் சிப்பியைத் திறக்காதபடி காவல். பிறகு சிப்பிகளை அடைப்புக்குள் குவித்து அழுக விடுவார்கள். அந்த நாற்றம் பல மைல் தூரம் வீசும். அழுகியதைக் கழுவி, சல்லடையிலிட்டுத் தரம் பிரித்தால், ஆணி முத்து ஒன்றிரண்டும் தூள் முத்து மிகுதியும் தேறும். அவை பம்பாய்க்கும் ஐரோப்பாவுக்கும் போயின. எந்த முத்தும் அதை எடுத்தவன் வீட்டுப் பெண்ணின் கழுத்தில் ஏறியதாகக் கேள்வியில்லை.

கிரேக்கத்தின்மேல் இவ்வளவு காதலுள்ளவருக்கு முன்னால் இக்கடல் கிடந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடற் பயண நூல், பாண்டியர்க்குரிய கொற்கையையும் அங்கு நடந்த முத்துக் குளிப்பையும் குறிப்பிடுகிறது. தாலமியின் பூகோள நூலிலும் கொற்கை உண்டு. அக்கொற்கை இன்று கடலைவிட்டு விலகிக் கிராமமாய்ச் சாகுபுரத்துக்கு வடக்கே கிடக்கிறது. (தண்டனை பெற்ற கைதிகளே கொற்கையில் குளித்தார்கள் என்றும் அந்நூல் கூறுகிறது, பாண்டியனையும் நாம் இவ்விஷயத்தில் புகழ வரவில்லை.) ஏதென்ஸின் பழம்பெருமையை எண்ணி இன்றைய கிரேக்கனுக்காக உருகிய நெஞ்சு, அதே கிரேக்க ஏட்டில் பெயர் பெற்ற கொற்கைக் கடலின் பிள்ளைகளைக் கண்டபோது அவ்வாறு உருகவில்லை. ஏன்? கிரேக்கனை அவர் ஆளவில்லை, இவர்களை ஆண்டார். இதைவிட நுட்பமான காரணம் எதையும் நாம் காணவில்லை.

இனிக் கண்டி விஷயம். நார்த்தின் பெயருக்கு நீங்காத மாசு படிந்தது இங்கேதான். 1798-ல் கண்டி மன்னன் ராஜாதி ராஜசிங்கன் மகப்பேறின்றி இறந்தான். முதல் அதிகாரமாகிய பிலிமத்தலாவை, கண்ணுசாமி என்னும் பதினெட்டு வயது இளைஞனை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரால் சிங்காதனத்தில் ஏற்றினான். மதுரைப் பக்கத்திலிருந்து சென்ற நாயக்கர் வமிசம் அது. இறந்த மன்னனுடைய ராணியின் சகோதரன் முத்துசாமி தனக்கே உரிமையென்று சொல்லி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். பிலிமத்தலாவையோ தான் ஏற்றிய மன்னனைத் தானே இறக்கிவிட ஆசைப்பட்டு 1800-ல் நார்த்திடமே யோசனை கேட்டான். பண்பாடுள்ள ஒரு கவர்னர் அவனை வாசற்படியோடு திருப்பியிருக்க வேண்டாமா? நார்த் திருப்பவில்லை. மன்னன் உயிருக்கு மட்டும் தீங்கு வரலாகாது. கண்டியில் பிரிட்டிஷ் சேனை இருக்க வேண்டும். அதிகாரம் அதிகாரத்தின் கையில் இருக்கட்டும் என்ற வகையில் பேரம் பேசினார். மைசூரிலும் தஞ்சையிலும் வெல்லெஸ்லி போட்ட அதே வலை. கிரேக்க நீதிநூல்களைக் கற்ற கை அந்த வலையைப் பின்ன எவ்வளவு விரைவில் பழகிற்று!

புத்தளத்து வியாபாரிகளின் பாக்கைக் கண்டியார் பறித்தனர் என்ற காரணத்தைக் காட்டி 1803 ஜனவரியில் யுத்தம் தொடங்கினார்கள். பிப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்தால் ஊர் காலி. மார்ச்சில் முத்துசாமிக்கு முடி சூட்டினார்கள். குடியில்லாத ஊருக்கு ராஜா! அவனிடமிருந்து நிலமும் பாதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மாதம் செல்வதற்குள் பிலிமத்தலாவையோடு வேறோர் உடன்படிக்கை செய்தார்கள். அதன்படி அதிகாரம் முழுவதும் அவனுக்கு. முத்துசாமி உபகாரச் சம்பளம் பெற்றுக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய்விட வேண்டும். முடி சூட்டிய கைகளே முடியைக் கழற்ற ஒப்புக்கொண்டன. இதற்குள் மழையும் விஷ ஜுரமும் சேனையை அரித்துவிட்டன. ஜூன் 24-ந் தேதி கண்டியார் சூழ்ந்துகொண்டனர். மேஜர் டேவி என்பவர் சரணடைந்து எஞ்சியவர்களோடு வெளியேறினார். மகாவலி கங்கை கரை புரண்டு ஓடியது, கடக்க வழியில்லை. "முத்துசாமியைக் கொடு; போகலாம்" என்று சொல்லியனுப்பினார்கள். டேவி முதலில் மறுத்தார்; பிறகு கொடுத்தார். முத்துசாமி கொல்லப்பட்டான். அவனைக் கொடுத்ததனால் சோல்ஜர்களும் பிழைக்கவில்லை. சிலர் தவிர எல்லாரும் வெட்டுண்டனர். டேவி கைதியாகவே இருந்து ஆண்டுகள் பல கழித்து அங்கேயே மாண்டார். இங்கிலாந்து டேவியைப் பழித்தது. ஆனால் முத்துசாமியை அழைத்தவர், முடி சூட்டியவர், விற்றவர் டேவி அல்லர். கொழும்பில் இருந்த படிப்பாளி.

முத்துசாமியைக் கொல்வித்த மன்னனும் பிறகு தப்பவில்லை. 1815-ல் கண்டி வீழ்ந்தது. அவன் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு வரப்பட்டு 1832-ல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கிறது. முத்துசாமிக்கு அதுவும் இல்லை.

1805 ஜூலையில் நார்த் இலங்கையை விட்டுச் சென்றார். அவர் இடத்துக்கு வந்தவர் சர் தாமஸ் மெயிட்லண்டு. கையிறுக்கமும் முரட்டுத்தனமும் உள்ள சிப்பாய். நார்த்தின் ஏற்பாடுகளில் பலவற்றை அவர் கலைத்துப் போட்டார். விதி இவ்விருவரையும் அத்துடன் விடவில்லை. 1815-ல் அயோனியத் தீவுகள் பிரிட்டிஷ் பாதுகாப்பில் வந்தபோது அங்கே தலைமை அதிகாரியாகச் சென்றவரும் அதே மெயிட்லண்டுதான். நார்த்தோ 1817-ல் தமையன்மார் இருவரும் மறைந்தபின் ஐந்தாம் கில்போர்டுப் பிரபுவாகிவிட்டார். பெருஞ்செல்வமும் கைக்கு வந்தது. அச்செல்வத்தைக் கொண்டு கார்ஃபுத் தீவில் கிரேக்கருக்கு ஒரு சர்வகலாசாலை நிறுவ முயன்றார். மெயிட்லண்டு அதற்கு முட்டுக்கட்டை போட்டார். அவர் 1824 ஜனவரியில் இறந்த பிறகுதான், அவ்வாண்டிலேயே, கலாசாலை திறக்கப்பட்டது. நார்த் அதன் தலைவர். பிளேட்டோ காலத்து உடை தரித்து, தலையில் பொற்பட்டம் கட்டிக்கொண்டு அவர் வீதியில் உலாவியதைக் கண்டு சக ஆங்கிலேயர் பைத்தியமென்று சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. ஏழை மாணவர்களைத் தம் செலவில் பிற தேசங்களுக்கு அனுப்பிப் படிக்க வைத்து உபாத்தியாயர்களாக்கினார். ஆயிரக்கணக்கான ஏடுகளைச் சேர்த்துப் புஸ்தகசாலை அமைத்தார்.

இக்கலாசாலையில் ஒரு விசேஷம். பாடங்கள் கிரேக்க மொழியிலேயே போதிக்கப்பட்டன. ஒரு ஜாதியார் தலையெடுக்க வேண்டுமானால் தங்கள் தாய்மொழியிலேயே சாஸ்திரங்களைக் கற்க வேண்டும் என்பதை அந்த ஆங்கிலேயப் பிரபு 1824-ல் உணர்ந்து நடத்திக் காட்டினார். தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க முடியுமா என்று நம் சர்வகலாசாலைகளில் நடந்துவந்த விவாதத்தை நினைத்துப் பாருங்கள். கிரேக்கனுக்கு முடியும் என்ற நம்பிக்கை நார்த்துக்கு எங்கிருந்து வந்ததென்றால், கிரேக்கன் தமக்குச் சமமானவன், ஏன், தம்மினும் உயர்ந்த முன்னோரைப் பெற்றவன் என்ற எண்ணத்திலிருந்து வந்தது. மரியாதையிலிருந்து பிறந்த தருமம் அது. இலங்கையில் அவர் திறந்த பள்ளிக்கூடங்கள் பிறந்ததோ இரக்கத்திலிருந்தும் நிர்வாகத் தேவையிலிருந்தும். லண்டன் ஒரு கடிதம் எழுதியதும் அவை சுருங்கின, கவர்னர் மனம் வருந்தினார், அவ்வளவே. கார்ஃபுக் கலாசாலைக்காக மெயிட்லண்டோடு ஆண்டுக்கணக்கில் போராடியதைப் போல் இங்கே அவர் யாரோடும் போராடவில்லை.

ஆகவே நண்பர்களின் கேள்விக்கு நமது விடை இதுதான். நல்லவர் இருந்தார். கல்வியும் கருணையும் தியாகமும் உள்ளவராகவே இருந்தார். ஆயினும் அவருடைய நன்மை முழுவதும் அவர் ஆளாத ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆண்ட ஜனங்களுக்கு மிஞ்சியது யுத்தமும் வரியும் கணக்கும். ஆளும் நாற்காலி அவரையும் அதன் அளவுக்குத் தைத்துக்கொண்டது. அவரைவிடக் குறைந்தவர்கள் அந்நாற்காலியில் உட்கார்ந்தபோது என்ன ஆயிற்று என்பதை நம் கரையில் கயத்தாற்றுப் புளியமரம் கண்டது.

நார்த் 1827 அக்டோபர் 14-ந் தேதி லண்டனில் இறந்தார். ரஷ்ய ஸ்தானாதிபதியின் பாதிரியாரை வரவழைத்து, தாம் இரகசியமாகத் தழுவிய மதத்தின்படியே கடைசிச் சடங்கைப் பெற்றார். ஆறு நாள் கழித்து நவரினோ வளைகுடாவில் துருக்கரின் கப்பற்படை அழிக்கப்பட்டு, கிரேக்க சுதந்திரம் உறுதியாயிற்று. அதை அறிய அவர் இல்லை. புஸ்தகசாலையைக் கார்ஃபுக்கே எழுதி வைத்திருந்தார். நிபந்தனைகள் நிறைவேறாமையால் அவ்வேடுகள் இங்கிலாந்துக்குத் திரும்பி ஏலத்தில் சிதறின. மணமாகாதவராதலால் பட்டம் ஒரு தாயாதிக்குப் போயிற்று. கலாசாலை 1864-ல் மூடப்பட்டது. சிலை மட்டும் கார்ஃபுவின் பூங்காவில் பழைய கிரேக்க உடையோடு நிற்கிறது.

அரிப்பு மாளிகையின் கதி வேறு. கூரை போய், சுவர் பிளந்து, தூண்கள் சில எஞ்சி நிற்கின்றன. கடல் அடியில் மண்ணை அரிக்க, ஒவ்வொரு பக்கமாகச் சரிந்து கீழே விழுந்துகொண்டிருக்கிறது. எதிரே உள்ள பார்களில் இன்று சலாபம் இல்லை. 1905-ல் அக்கரையில் மிகப் பெரிய சலாபம் ஒன்று நடந்தது. அடுத்த ஆண்டே இலங்கைச் சர்க்கார் பார்களை ஓர் ஆங்கிலக் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட, கம்பெனி சில ஆண்டுகளில் நொடித்தது. நம் கரையில் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்தவையே கடைசிச் சலாபங்கள். 1976-ல் இவ்வளைகுடாவின் நடுவே இரு சர்க்கார்களும் எல்லைக்கோடு வரைந்தபின், குளிகாரரின் பேரப்பிள்ளைகள் வலையோடு அக்கோட்டைத் தாண்டினால் கைதாகிறார்கள், படகும் பறிபோகிறது. பாட்டன்மார் அரிப்புக்குப் போனபோது கவர்னரே பீரங்கி வெடித்து அழைத்தார்.